வகிடு அகலமான பிறகு: மெனோபாஸ் வயதில் முடிக்கும் தோலுக்கும் எதை எடுப்பது, எதை விடுவது

போன பொங்கலுக்கு அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். எனக்குப் பின்னிவிட உட்கார்ந்தவள் சீப்பை அப்படியே நிறுத்திவிட்டு, "ஏன்டி, உன் வகிடு என்ன இவ்வளவு அகலமாயிருக்கு?" என்றாள். என் மகள் உடனே செல்போனில் என் உச்சந்தலையைப் படம் எடுத்துக் காட்டினாள். நாற்பது வயதில் நூல் பிடித்த மாதிரி இருந்த வகிடு, சுண்டுவிரல் அகலத்துக்கு வெளுத்துக் கிடந்தது. எனக்கு 51. மாதவிடாய் நின்று ஒன்றரை வருடம். அக்காவுக்கு 56. அவளுக்கு முடி பரவாயில்லை, தோல்தான் பாடாய்ப் படுத்துகிறது. குதிகால் வெடிப்பு காட்டன் புடவையின் ஓரத்தைக் கவ்வி இழுக்கும்.

அன்று ராத்திரியே ஆளுக்கொரு யோசனை வந்துவிட்டது. செம்பருத்தி எண்ணெய், பயோட்டின் என்ற வைட்டமின் மாத்திரை, பார்லரில் கெரட்டின், கொலாஜன் பவுடர், யாரோ அனுப்பிய சீரம் வீடியோ. எல்லாவற்றையும் வாங்கினால் மளிகைச் செலவை விட அதிகமாகும். அதற்கப்புறம் ஆறேழு மாதம், நாங்கள் இருவரும் ஒவ்வொன்றாகப் பார்த்து, தோல் டாக்டரிடம் கேட்டு, கொஞ்சம் படித்து, பலதைக் கழித்துவிட்டோம். கழிப்பதற்கு நான் வைத்துக்கொண்ட கேள்வி ஒன்றுதான்: இதை நிறுத்தினால் என்ன ஆகும்? "பலன் தருமா?" என்று எல்லாரும் கேட்கிறோம், விற்கிறவர்களும் அதற்குப் பதிலைத் தயாராக வைத்திருக்கிறார்கள். நிறுத்தினால் என்ன என்று கேட்டால்தான் பாதிப் பேர் முழிக்கிறார்கள்.

முதலில் ரத்தம்

ஈஸ்ட்ரோஜன் குறைந்தால் முடி வளரும் பருவம் சுருங்குகிறது. வேர்க்கால் சிறுத்து, புதிதாக முளைப்பது பூனை மயிர் மாதிரி மெலிசாக வருகிறது. முன் நெற்றிக் கோடு அப்படியே இருக்கும், வகிடு மட்டும் அகலும். பெண்களுக்கு வரும் பரம்பரை முடி மெலிதலின் அடையாளம் இதுதான். தோலில் எண்ணெய்ச் சுரப்பும் ஈரப்பிடிப்பும் குறைகின்றன. மாதவிடாய் நின்ற முதல் 5 ஆண்டுகளில் தோலின் கொலாஜன் கிட்டத்தட்ட 30 சதவீதம் குறைந்துவிடுகிறது, அதன்பின் ஆண்டுக்கு 2 சதவீதம் போல.

ஆனால் இந்த வயதில் கொட்டும் முடியெல்லாம் மெனோபாஸால்தான் கொட்டுகிறது என்று எடுத்துக்கொண்டால் ஏமாந்துபோவோம். மாதவிடாய் நிற்பதற்கு முந்தைய சில வருடங்களில் பலருக்கு உதிரப்போக்கு தாறுமாறாக இருக்கும். உடம்பில் சேமித்து வைத்த இரும்புச்சத்து அதிலேயே கரைந்துவிடும். எனக்கு ஹீமோகுளோபின் 12.2 இருந்தது, "நல்லாத்தானே இருக்கு" என்று விட்டிருப்பேன். சேமித்த இரும்பின் அளவைக் காட்டும் ஃபெரிட்டின் பரிசோதனையை டாக்டர் கேட்டு வாங்கினார், அது 13. சேமிப்பு காலி. தைராய்டு கோளாறும் இந்த வயதில் சகஜம், அதுவும் இதே மாதிரி முடியைக் கொட்ட வைக்கும், தோலை வறட்டும். கடுமையான காய்ச்சலோ ஆபரேஷனோ வந்துபோனால், இரண்டு மூன்று மாதம் கழித்து முடி கொத்துக் கொத்தாக உதிர்ந்து, தானாக நின்றும்விடும். அதற்கு மருந்து வாங்கித் தேய்த்தவர்கள், மருந்தால்தான் நின்றது என்று ஊரெல்லாம் சொல்வார்கள்.

ஆக, ஃபெரிட்டின், தைராய்டுக்குப் பார்க்கும் டிஎஸ்ஹெச், பி12, வைட்டமின் டி. இதுதான் முதல் செலவு. நான் மூன்று மாதத்தில் சீரம் வாங்கியிருந்தால் ஆகியிருக்கும் செலவை விடக் குறைவு. இரும்பு மாத்திரை நிரந்தரமும் இல்லை. சேமிப்பு நிரம்பினால் டாக்டர் நிறுத்தச் சொல்லிவிடுவார்.

ஒரு எச்சரிக்கை. ரத்தப் பரிசோதனைக்குப் போகும்போது பயோட்டின் சாப்பிட்டுக்கொண்டிருந்தால் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். அதிக அளவு பயோட்டின் தைராய்டு பரிசோதனையையும், மாரடைப்புக்குப் பார்க்கும் ட்ரோபோனின் பரிசோதனையையும் தப்பாகக் காட்டும். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2017-லேயே இதை எச்சரித்தது. முடிக்கு என்று தின்ற மாத்திரை, முடி கொட்டும் காரணத்தையே மறைத்துவிடும். பயோட்டின் குறைபாடு நன்றாகச் சாப்பிடுகிறவர்களுக்கு அபூர்வம். முட்டையிலும் வேர்க்கடலையிலும் அது இருக்கிறது. இந்தப் பட்டியலில் நாங்கள் முதலில் கழித்தது இதைத்தான்.

எண்ணெயா, மினாக்சிடிலா

எண்ணெயா, மினாக்சிடில் என்ற தலையில் தடவும் மருந்தா: எங்கள் வீட்டில் பெரிய சண்டையே இதில்தான். அம்மா இருந்திருந்தால் செவ்வாய், வெள்ளி தவறாமல் எண்ணெய் தேய்த்து உட்காரவைத்திருப்பாள். அக்கா இன்னும் அப்படித்தான்.

எண்ணெயைக் குறைத்துப் பேச எனக்கு மனமில்லை, தேங்காயெண்ணெய்க்கு உண்மையிலேயே ஒரு வேலை இருக்கிறது. அதிலுள்ள லாரிக் அமிலம் முடித்தண்டுக்குள் இறங்கி, அலசும்போது புரதம் கரைந்து போவதைக் குறைக்கிறது. 2003-ல் வந்த இந்திய ஆய்வு ஒன்று தேங்காயெண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், மினரல் ஆயில் மூன்றையும் ஒப்பிட்டபோது தேங்காயெண்ணெய் மட்டும்தான் இதைச் செய்தது. குளிப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பு தேய்த்தாலே போதும். முடி உடைவது குறையும், சிக்கு எடுப்பது சுலபமாகும். ஆனால் சுருங்கிப்போன வேர்க்காலை எண்ணெய் திரும்பப் பெரிதாக்காது. செம்பருத்தி போட்டாலும், கரிசலாங்கண்ணி போட்டாலும், நாற்பத்தெட்டு மூலிகை போட்டாலும் இதே கதைதான். நிறுத்தினால்? ஒன்றும் ஆகாது, முடி கொஞ்சம் வறண்டு தெரியும். அந்த வகையில் பயமில்லாத வைத்தியம்.

ரோஸ்மேரி எண்ணெய் மினாக்சிடிலுக்குச் சமம் என்று ஒரு வீடியோ விடாமல் சுற்றுகிறது. 2015-ல் வந்த ஒரு சின்ன ஆய்வுதான் அதற்கு ஆதாரம். அதில் இருந்த நூறு பேரும் ஆண்கள், ஒப்பிட்டது 2 சதவீத மினாக்சிடிலோடு. மெனோபாஸ் தாண்டிய பெண்ணின் வகிட்டைப் பற்றி அது எதுவும் சொல்லவில்லை.

மினாக்சிடிலின் கதை வேடிக்கையானது. முதலில் ரத்தக்கொதிப்புக்கு மாத்திரையாக வந்தது. சாப்பிட்டவர்களுக்குக் கண்ட இடத்தில் முடி முளைத்ததால், தலையில் தடவும் மருந்தாக மாற்றினார்கள். அமெரிக்காவில் 1988-ல் ஆண்களுக்கு, 1991-ல் பெண்களுக்கு அனுமதி. பெண்களுக்கு 2 சதவீதக் கரைசல் தினம் இரண்டு வேளை, அல்லது 5 சதவீத நுரை ஒரு வேளை. பெண்களின் வகிட்டு மெலிதலுக்கு நல்ல ஆதாரம் உள்ள தடவும் மருந்து இதுதான்.

அப்போ உடனே வாங்கிவிடலாமா? இங்கேதான் என் கேள்வி வேலை செய்தது. நிறுத்தினால், சில மாதங்களில் முளைத்ததெல்லாம் உதிர்ந்து பழைய இடத்துக்கே வந்துவிடும். அதாவது இது ஒரு கோர்ஸ் முடித்து எழுந்துவரும் மருந்து இல்லை, பல் விளக்குகிற மாதிரி. 60 மில்லி பாட்டில், வேளைக்கு ஒரு மில்லி வீதம் இரண்டு வேளை என்றால் சரியாக 30 நாள். மாதாமாதம் சில நூறு ரூபாய், ஓய்வு பெற்ற பிறகும். அதை யோசித்துத்தான் தொடங்க வேண்டும்.

தொடங்கினால் முதல் ஒன்றிரண்டு மாதத்தில் முடி முன்னை விட அதிகமாகக் கொட்டும். யாரும் எனக்கு முன்கூட்டிச் சொல்லாமல் இருந்திருந்தால் மூன்றாவது வாரமே பாட்டிலைத் தூக்கிப் போட்டிருப்பேன். குளியலறைத் தண்ணீர் போகும் சல்லடையில் தினமும் தேங்காய் நார் மாதிரி ஒரு சுருள். பழைய முடி இடம்விட்டுப் போனால்தான் புதியது கிளம்பும் என்று டாக்டர் சொல்லியிருந்ததால் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். மாற்றம் தெரிய நாலு முதல் ஆறு மாதம் ஆகும்.

எங்கள் ஊர்ப் பழக்கத்துக்கு இன்னும் சில சங்கடங்கள். எண்ணெய்த் தலையில் தடவக் கூடாது, உலர்ந்த மண்டைத்தோலில்தான் தடவ வேண்டும். அதனால் எனக்கு எண்ணெய் வாரம் ஒருநாள், குளிப்பதற்கு முந்தைய ஒரு மணி நேரம் மட்டும். ராத்திரி தடவியதும் படுத்தால் தலையணை வழியாக முகத்தில் பட்டு, கன்னத்தில் பூனை முடி வளரும், எனவே இரண்டு மணி நேரம் முன்பே தடவிவிட வேண்டும். கரைசல் சிலருக்கு அரிக்கும், அவர்களுக்கு நுரை ஒத்துப்போகும். வீட்டில் பூனை இருந்தால் யோசியுங்கள். அதற்கு இது கொடிய விஷம், தலையணையை நக்கினாலே ஆபத்து. இதயக் கோளாறு, குறைந்த ரத்த அழுத்தம் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடவே கூடாது.

பிஆர்பி என்று கிளினிக்குகளில் சொல்வது, நம் ரத்தத்தையே எடுத்துச் சுழற்றி, அதிலிருந்து தட்டணுக்கள் நிறைந்த பகுதியைத் தலையில் ஊசியாகப் போடுவது. மாதம் ஒன்று வீதம் மூன்று நாலு தடவை, அப்புறம் அவ்வப்போது. ஒவ்வொரு தடவையும் ஆயிரக்கணக்கில். சிலருக்குப் பலன் தெரிகிறது, ஆனால் ஆய்வுகள் சிறியவை, ஒவ்வொரு இடத்திலும் ஒவ்வொரு முறை. இதையும் நிறுத்தினால் மெல்லப் பழையபடிதான். மினாக்சிடிலை ஆறு மாதம் ஒழுங்காகத் தடவிப் பார்க்காமல் இதற்குப் பணம் கட்டுவது அவசரம் என்பது என் அபிப்பிராயம். நான் போன ஒரு கிளினிக்கில், உச்சந்தலையைப் பார்ப்பதற்கு முன்பே ஆறு சிட்டிங் பேக்கேஜ் அட்டையை நீட்டினார்கள். எழுந்து வந்துவிட்டேன்.

மருந்தே வேண்டாம் என்பதும் ஒரு வழிதான், அதை யாரும் மரியாதையாகச் சொல்வதில்லை. முடியைத் தோள் அளவுக்கு வெட்டினால் பாதி மெலிவு தெரியாது. வகிட்டை இடம் மாற்றலாம். அந்தக் காலத்தில் சவுரி வைத்துப் பின்னினார்கள், இன்று உச்சியில் கிளிப் மாட்டும் டாப்பர் வந்திருக்கிறது, இரண்டும் ஒரே யோசனை. பின்னலை இறுக்கி, அதில் கனமான பூச்சரம் தொங்கவிடுகிற பழக்கம் இருந்தால் அதைத் தளர்த்துவது காசே இல்லாத வைத்தியம்.

ஒரே ஒரு விஷயத்தில் காத்திருக்கக் கூடாது. வகிடு அப்படியே இருக்க, நெற்றிக் கோடு பின்னால் போகிறது, புருவம் உதிர்கிறது, முடி ஓரத்தில் சிவந்த புள்ளி, அரிப்பு என்றால் அது ஃப்ரன்டல் ஃபைப்ரோசிங் அலோபீசியா என்ற வேறு நோயாக இருக்கலாம். 1994-ல் ஆஸ்திரேலியாவில் முதலில் விவரிக்கப்பட்டது, மெனோபாஸ் தாண்டிய பெண்களுக்குத்தான் அதிகம். வேர்க்காலே தழும்பாகிவிடுவதால் போனது திரும்பாது. எண்ணெய் தேய்த்துப் பார்ப்போம் என்று ஆறு மாதத்தைக் கடத்தினால் அவ்வளவும் நஷ்டம்.

நரைக்கு

டை, மருதாணி, அப்படியே விடுவது. மூன்றில் அக்காவுக்கும் எனக்கும் ஒத்துப்போகவில்லை.

டை பாக்கெட்டில் "அமோனியா இல்லை" என்று பெரிதாகப் போட்டிருப்பதைப் பார்த்து ஏமாற வேண்டாம். ஒவ்வாமையைக் கொடுப்பது பெரும்பாலும் பிபிடி என்ற வேதிப்பொருள், அது உள்ளே இருக்கும். "கறுப்பு மருதாணி" என்று விற்கும் பொடிகள் பலவற்றிலும் அதுதான். மருதாணி தன்னால் கறுக்காது, செம்பட்டைதான் தரும். இருபது வருடம் டை அடித்தும் ஒன்றும் ஆகாதவருக்கு இருபத்தொன்றாவது வருடம் முகம் வீங்கலாம். காதுக்குப் பின்னால் கொஞ்சம் தடவி 48 மணி நேரம் பார்ப்பது சோம்பலான வேலை, ஆனால் வேறு வழியில்லை.

கலப்பில்லாத மருதாணி போட்டு, அதன்மேல் அவுரிப் பொடி போட்டால் கரும்பழுப்பு வரும். அவுரி நம் திண்டிவனம், விழுப்புரம் பக்கம் விளைவதுதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் போய்விடும், முடியும் கொஞ்சம் வறளும். ஏற்கெனவே வறண்ட முடிக்கு இது சிரமம், அதனால் பொடியில் தயிர் சேர்ப்பதை விட மறுநாள் எண்ணெய் வைப்பது எனக்கு ஒத்துவந்தது.

நிறுத்தினால் என்ன? டையை நிறுத்தினால் மாதம் ஒரு சென்டிமீட்டர் வெள்ளைக் கோடு ஏறும். இடுப்பளவு முடிக்கு அது சில வருடக் கதை. அக்கா அதைத் தாங்க முடியாமல் தோள் வரை வெட்டிவிட்டாள். இப்போது ஒன்றரைச் சாண் நரை, பார்க்க நன்றாகவே இருக்கிறது. நான் இன்னும் அவுரியில்தான் இருக்கிறேன்.

தோல்: உடம்புக்கு ஒன்று, முகத்துக்கு ஒன்று

உடம்புக்கு விலை உயர்ந்ததைத் தேடவே வேண்டாம். சோப்பு காரத்தன்மை உடையது, தோல் லேசான அமிலத்தன்மை உடையது. வியர்வை மடிப்புகளுக்கு மட்டும் சோப்பு, கை காலுக்குத் தண்ணீர் போதும் என்று மாற்றியதே அக்காவின் அரிப்பைப் பாதியாக்கியது. பயத்தமாவு, கடலைமாவு அழுக்கை எடுக்கும், ஆனால் வறண்ட தோலில் அழுத்தித் தேய்த்தால் உராய்ந்து இன்னும் அரிக்கும்.

குளித்த ஈரம் காயும் முன் எதையாவது பூச வேண்டும். அந்த "எதையாவது" தேங்காயெண்ணெயாகவும் இருக்கலாம். வறண்ட தோலில் மினரல் ஆயிலுக்கு இணையாக அது வேலை செய்ததாக 2004-ல் ஒரு சின்ன ஆய்வு வந்தது. செராமைடு, கிளிசரின் உள்ள கிரீம் சட்டையில் ஒட்டாது, அதனால் வேலைக்குப் போகிறவர்களுக்கு வசதி. ராத்திரிக்கு எண்ணெய், காலைக்கு கிரீம் என்று நாங்கள் பங்கு பிரித்துக்கொண்டோம். நிறுத்தினால் இரண்டு மூன்று நாளில் வறட்சி திரும்பும், திரும்பப் பூசினால் திரும்பப் போகும்.

குதிகாலுக்கு மட்டும் எண்ணெய் போதவில்லை. யூரியா உள்ள கிரீம் கேட்டு வாங்கினோம். பத்து நிமிடம் வெதுவெதுப்பான தண்ணீரில் காலை வைத்து, நுரைக்கல்லால் மெல்லத் தேய்த்து, துடைத்து, கிரீமைத் தடவி, மேலே பழைய காட்டன் சாக்ஸ். பதினைந்து நாளில் புடவை ஓரம் மாட்டுவது நின்றது. சர்க்கரை உள்ளவர்கள் பிளேடால் சீவும் வேலையை மட்டும் செய்துவிடாதீர்கள்.

முகத்துக்கு வரும்போதுதான் பணம் கரைகிறது. கொலாஜன் பவுடர் வயிற்றுக்குள் போனதும் துண்டு துண்டாகச் செரிக்கிறது. தோலில் கொஞ்சம் ஈரம் கூடியதாகச் சில ஆய்வுகள் உண்டு, அவற்றில் பலவற்றுக்குச் செலவு செய்தது விற்கிற நிறுவனங்கள். அந்தக் காசுக்கு சன்ஸ்கிரீன் வாங்கலாம். எஸ்பிஎஃப் 30 புற ஊதா பி கதிரில் 97 சதவீதத்தைத் தடுக்கும், 50 தடுப்பது 98. வித்தியாசம் அவ்வளவுதான், நிறையப் பூசுவதுதான் முக்கியம். இரண்டு விரல் நீளம் முகத்துக்கும் கழுத்துக்கும். மங்கு உள்ளவர்கள் நிறம் கலந்த, இரும்பு ஆக்சைடு உள்ளதாகப் பார்த்து வாங்கினால் வெளிச்சத்தால் கறுப்பதையும் அது தடுக்கும். குடையும் பிடியுங்கள், குடைக்கு எக்ஸ்பைரி தேதி கிடையாது.

மங்கு என்றதும் மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் "வெள்ளையாக்கும்" டியூபுகள் பற்றி ஒரு வார்த்தை. பலவற்றில் ஸ்டீராய்டு இருக்கிறது. ஒரு வாரத்தில் முகம் பளிச்சிடும், நிறுத்தினால் சிவந்து எரியும், அதனால் திரும்பப் பூசுவோம். ஏற்கெனவே மெலிந்துகொண்டிருக்கும் தோலை இன்னும் மெலிதாக்கும். 2018 முதல் இவற்றில் பலவற்றுக்கு டாக்டர் சீட்டு கட்டாயம். என் கேள்வியில் மோசமாகத் தோற்றது இதுதான்.

சுருக்கத்துக்கு ரெட்டினால், பகூச்சியோல் இரண்டும் போட்டியிடுகின்றன. ரெட்டினாலுக்கு ஆதாரம் பலமானது, ஆனால் வறண்ட தோலில் உரிந்து எரியும். வாரம் இரண்டு ராத்திரி என்று தொடங்கித்தான் ஏற்ற வேண்டும். பகூச்சியோல் என்று கண்ணாடிக் குப்பியில் வருவது எதிலிருந்து என்று பார்த்தபோது சிரிப்பு வந்தது. நம் நாட்டு மருந்துக் கடையில் நலங்கு மாவுக்கு வாங்கும் கார்போக அரிசிதான்! 2019-ல் 44 பேரை வைத்து 12 வாரம் ஒப்பிட்டபோது சுருக்கத்திலும் கரும்புள்ளியிலும் ரெட்டினாலுக்கு அது சமமாக நின்றது, எரிச்சல் குறைவு. அதற்காக விதையை அரைத்துப் பூசிவிடாதீர்கள். விதையில் சோராலனும் இருக்கிறது, அது வெயில் பட்டால் தோலைக் கருக்கும். நான் வாரம் இரண்டு நாள் ரெட்டினால். அக்காவுக்கு ஒன்றும் வேண்டாமாம், "சுருக்கம் வந்தா வரட்டும்டி, வெடிப்புதான் வலிக்குது."

ஹார்மோன் சிகிச்சையால் தோல் கொஞ்சம் தடிக்கும், ஈரம் கூடும். ஆனால் அதற்காக மட்டும் யாரும் அதை எழுதித்தர மாட்டார்கள். தூக்கத்தைக் கெடுக்கிற அளவுக்கு உடம்பு குப்பென்று சூடாகி வியர்க்கிறது என்றால், மகப்பேறு டாக்டரிடம் அதைப் பற்றிப் பேசுங்கள். மார்பகப் புற்று வந்தவர்களுக்குப் பொதுவாகக் கொடுப்பதில்லை. மாதவிடாய் நின்று ஒரு வருடம் கழித்து ஒரு சொட்டு உதிரம் பட்டாலும், இந்தக் கட்டுரையை மூடிவிட்டு டாக்டரிடம் போங்கள்.

அப்புறம், தாடை முடி. நூல் போட்டு எடுக்கலாம், பிடுங்கலாம், ஆனால் திரும்ப வரும். லேசர் வெகுவாகக் குறைக்கும், ஆனால் கறுப்பு முடியில்தான் அது வேலை செய்யும். நிறமியைத் தேடித்தான் ஒளி பாய்கிறது, வெள்ளை முடியில் அது இல்லை. வெளுத்தபின் ஒவ்வொரு வேராக மின்சாரம் பாய்ச்சி எடுக்கும் எலெக்ட்ராலிசிஸ்தான் மிச்சம். இதை அக்காவுக்குச் சொன்னபோது அவள் ஜன்னலோரம் கண்ணாடியையும் சின்ன இடுக்கியையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"அப்போ கறுப்பா இருக்கும்போதே பண்ணியிருக்கணுமா?"

"ஆமாம்."

"இதைப் பத்து வருஷம் முன்னாடி சொல்றதுக்கு என்னடி?" என்றவள், என் தாடையை வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்தாள். "உனக்கு ரெண்டு கறுப்பு இருக்கு. போய்க் கேளு."